வேகன் ஆரா ஃப்ளேயரா, பாசோவா பூனா: சாமான் பார்த்துச் சின்னக் கார் எடுப்பது

மட்டக்களப்பில் சின்னக் கார் தேடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஃப்ளேயர் ஒண்டு நல்ல விலைக்கு வந்திருக்கு, ஆனா மஸ்டா எண்டா சாமான் எடுக்க ஏலாதாமே?" சாமான் என்றால் உதிரிப்பாகம். இந்தப் பயத்தால் நல்ல வண்டியைக் கைவிட்டு, அதைவிட அடிபட்ட வேகன் ஆர் ஒன்றைக் கூடுதல் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். பயப்பட விஷயம் இருக்கிறது, ஆனால் அது இவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

மஸ்டா ஃப்ளேயர் என்பது சுசுகி தன் ஆலையில் செய்து, மஸ்டா எம்பளம் ஒட்டிக் கொடுக்கும் வேகன் ஆர்தான். 2012 வரை அதற்கு ஏஇசட் வேகன் என்று பெயர், அதன் பிறகுதான் ஃப்ளேயர். சேசி நம்பரின் முதல் எழுத்துகளைப் பாருங்கள், வேகன் ஆர் எம்எச்34எஸ் என்றால் ஃப்ளேயர் எம்ஜே34எஸ். அடுத்தது 44, அதற்கும் அடுத்தது 55, இரண்டிலும் இலக்கம் கூடவே நடக்கும். 658 சிசி ஆர்06ஏ எஞ்சின், கியர்பொக்ஸ், பிரேக், சொக் எப்சோபர், கதவு, கதவுக் கண்ணாடி எல்லாம் ஒன்றேதான். மாறுவது எம்பளம், ஸ்டியரிங் நடுவில் உள்ள ஹோர்ன் மூடி, ரிம் மூடி மாதிரிச் சில்லறைச் சாமான். (ஃப்ளேயரில் சுசுகி எம்பளத்தை ஒட்டி வேகன் ஆர் என்று விற்கிறவர்களும் உண்டு. வாகனப் புத்தகத்தில் மஸ்டா என்றுதான் இருக்கும், அதையும் ஒருக்கா புரட்டிப் பாருங்கள்.)

உண்மையான வித்தியாசம் ஒரே பெயருக்குள்தான் இருக்கிறது. 34-உம் 55-உம் இரண்டுமே வேகன் ஆர்தான், ஆனால் 2017-இல் வந்த 55 அடித்தளத்திலிருந்தே வேறு வண்டி, ஒன்றின் கதவு மற்றதற்குப் பொருந்தாது. 2014-இல் வந்த 44-இல் பழைய ஓல்டனேட்டர் இருந்த இடத்தில், எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறு மோட்டார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதனால் 34-இன் ஓல்டனேட்டரை அதற்குப் போட முடியாது. முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் லித்தியம் பெட்டரியையும் வருடம், கிரேட் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். முகமும் அப்படித்தான். வேறு முகத்தோடு வரும் வேகன் ஆர் வகையான ஸ்டிங்ரேயின் ஹெட்லைட்டும் முன் பஃபரும் சாதா வேகன் ஆருக்கு வராது, 34-இல் அவை வருவது ஃப்ளேயரில் அதன் சோடியான கஸ்டம் ஸ்டைலுக்கு! ஆகவே அக்கரைப்பற்றில் உங்கள் கஸ்டம் ஸ்டைலின் மூக்கு உடைந்தால் கொழும்பில் பழைய சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு எடுக்கும் கோலில் மஸ்டா என்று தொடங்காதீர்கள், ஸ்டிங்ரே 34 முன் பஃபர் என்று கேளுங்கள், இரவு பஸ்ஸில் பார்சல் வந்து சேரும்.

புதுச் சாமான் வாங்கும்போது ஒரு விஷயம். ஒரே ஃபில்டர் இரண்டு பெட்டியில் வரும், மஸ்டா பெட்டியில் மஸ்டாவின் இலக்கம், சுசுகி பெட்டியில் சுசுகியின் இலக்கம், விலையும் இரண்டு. சுசுகி இலக்கத்தைக் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் வேலை முடிகிறது. காத்தான்குடியில் ஒரு கடைக்காரக் காக்கா சொல்வது போல, "தம்பி, பேரைச் சொல்லாதீங்க, சேசி நம்பரை வட்ஸ்அப்பில போடுங்க."

சரி, பாசோவுக்கும் பூனுக்கும் வருவோம். இங்கே கதை தலைகீழ். ஊரில் எல்லோரும் டொயோட்டா பாசோ என்கிறார்கள், ஆனால் 2004-இல் வந்த முதல் பாசோவிலிருந்தே அதைச் செய்தது டைஹட்சுதான், அதே வண்டி டைஹட்சு பெயரில் வருவதுதான் பூன், அதனால் "டூப்ளிகேட்" என்று ஒதுக்கப்படும் பூன்தான் செய்தவன் வீட்டுப் பிள்ளை. பாசோவின் பிரேக் பேட் பெட்டியை எடுத்துப் பார்த்தால் டொயோட்டா இலக்கத்தில் கோட்டுக்குப் பின்னால் வரும் பாதி ஆங்கிலப் பி எழுத்தில் தொடங்கும், அது டைஹட்சு வழியாக வந்த சாமானின் அடையாளம். ஆயிரம் சிசி மூன்று சிலிண்டர் 1கேஆர் எஞ்சின் டொயோட்டா விட்ஸிலும் இருப்பதால், பிளக், ஒயில் ஃபில்டர் மாதிரியானவற்றுக்குக் கல்முனையைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

இதிலும் தலைமுறைதான் சங்கதி. முதல் பாசோவில் நாலு கியர் ஓட்டோ, 2010-இல் வந்த கேஜிசி30-இல் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ. அந்த இரண்டாம் தலைமுறையில் சாதா பாசோவின் முகம் வேறு, பாசோ பிளஸ் ஹானா என்ற வகையின் முகம் வேறு. 2016-இல் வந்ததில் பாசோ எம்700ஏ, பூன் எம்700எஸ், அதில் பாசோ மோடாவுக்குச் சோடி பூன் சில்க். மோடாவின் லைட் உடைந்தால் சாதா பாசோவில் தேடிப் பிரயோசனமில்லை, சில்க்கில் தேடவேண்டும். அங்கேயும் ஒரு பொறி: வெளிப்பார்வைக்கு ஒரே வட்டம், ஆனால் ஒன்று ஹலஜன், மற்றது எல்இடி என்றால் பின்னால் உள்ள பிளக் வேறாக இருக்கும். கடைக்காரரிடம் லைட்டைத் திருப்பி, பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முன் கண்ணாடியும் அதே மாதிரி ஆளை ஏமாற்றும். பிரேக்கைத் தானாகப் பிடிக்கும் கமரா உள்ள வண்டிக்கு, கமராவைத் தாங்கும் பிடி ஒட்டிய கண்ணாடிதான் வேண்டும், போட்ட பிறகு கமராவைச் சரி பார்க்கவும் வேண்டும். இதற்கும் எம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் காசு போவது இதில்தான்.

டொயோட்டா ரைஸ், டைஹட்சு ரொக்கி இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019-இல் ஒன்றாக வந்தவை, அப்போது இரண்டுக்கும் ஒரே ஆயிரம் சிசி டர்போ எஞ்சின், செய்தது டைஹட்சு. ஆனால் கிரில்லும் முன் பஃபரும் வேறு வேறு, ரொக்கியின் முகம் உடைந்தால் ரைஸிலிருந்து கழற்றிப் போட வழியில்லை. இங்கே பெயர் குறைந்த ரொக்கியை எடுக்கக் கொஞ்சம் யோசிக்க நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஒரே வருடம், ஒரே கிரேட், ஒரே நிலையில் இரண்டு வண்டி நின்றால் ஃப்ளேயர், பூன் இவற்றைத்தான் கண்ணை மூடி எடுப்பேன், ஆனால் விலை உண்மையில் குறைந்தால் மட்டும். விற்கும்போது நமக்கும் அதே பேச்சைத்தான் பேசிக் குறைப்பார்கள், ஆகவே வாங்கும்போதே அந்தக் குறைவை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் பாசோவோடும் வேகன் ஆரோடும் நிற்கலாம், அவருக்குச் சாமானைவிடக் கைமாறும் வேகம் முக்கியம். எது எடுத்தாலும் கல்லடி, காத்தான்குடிக் கரையில் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடித்தகரத்தைப் பாருங்கள், உப்புக்காற்று எம்பளம் பார்த்துத் துரு பிடிக்க வைப்பதில்லை.