‘ரெடிமேட் கோப்ளின் டெக்’ 1,800 ரூபாய்: மதுரைப் பசங்க யாரும் வாங்காதீங்க

“அண்ணே, ஃபுல் கோப்ளின் டெக்ணே. 60 கார்டும் ரெடி. வாங்குன அன்னைக்கே ஆடலாம்.”

இப்படி வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால் பதிலே போடாதீர்கள். போனிலேயே கார்டு டெக் (60 கார்டுக் கட்டு) கட்டி ஆடும் மேஜிக் தி கேதரிங் அரினா கேமை ஆடும் நம்ம ஊர்ப் பசங்களைக் குறிவைத்து ஒருவர் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறார். விலை 1,800 ரூபாய். நேரில் தருகிறேன், மாட்டுத்தாவணிக்கு வாங்க என்பார். கிளம்புகிற நேரத்தில் “பஸ்ஸை விட்டுட்டேன்ணே, ஜீபேல போட்டு விடுங்க” என்று வரும். எங்கள் கூட்டத்தில் மட்டும் மூன்று பேர் போட்டுவிட்டார்கள். (போனுக்குள் இருக்கிற கார்டை நேரில் வந்து எப்படிக் கையில் கொடுப்பார் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.)

பணம் போனதும் வருவது ஒரு டெக்ஸ்ட் மெசேஜ். வரிக்கு வரி ஓர் எண், கார்டின் பெயர், தொகுப்பின் சுருக்கெழுத்து, வரிசை எண். காப்பி செய்துவிட்டு டெக் பக்கத்தில் இம்போர்ட் அழுத்தினால் 60 கார்டும் வந்து வரிசையாக நிற்கும். ஆனால் உங்கள் அக்கவுண்டில் இல்லாத கார்டு ஒவ்வொன்றுக்கும் வைல்டுகார்டு (வேண்டிய கார்டாக மாற்றிக்கொள்ளும் கூப்பன் மாதிரி) கொடுத்து கிராஃப்ட் செய்தால்தான் ஆட முடியும். கல்யாண மளிகை லிஸ்டைக் கையில் கொடுத்துவிட்டு, பந்திக்குக் காசு வாங்கின கணக்குதான் இது. இந்த மாதிரி லிஸ்ட் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. அரினாவில் ஒருவர் கார்டை இன்னொருவருக்கு மாற்றிவிடும் வசதியே கிடையாது. அதனால் டெக்கைத் தனியாக விற்கிறேன் என்று யார் சொன்னாலும் அது லிஸ்ட்தான்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. கேமில் பாக்கெட் பிரிக்கப் பிரிக்க ஒரு சக்கரம் நிரம்பும்; 6 பாக்கெட் பிரித்தால் அது ஒரு ரேர் வைல்டுகார்டு தரும். ஐந்தில் ஒரு முறை அதற்குப் பதில் இன்னும் அரிதான மிதிக் வரும். ஆக 30 பாக்கெட்டுக்கு 4 ரேர். டெக்கில் 24 ரேர் இருந்தால் சக்கரத்தை மட்டும் நம்பி 180 பாக்கெட். ஒரு பாக்கெட் 1,000 கோல்டு (கேமுக்குள் சேரும் காசு), தினசரி குவெஸ்ட்டுக்குக் கிடைப்பது 500 அல்லது 750. பாக்கெட்டுக்குள்ளேயே எப்போதாவது தட்டுப்படும் வைல்டுகார்டைச் சேர்த்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த அலுப்பில் 1,800 மலிவாகத் தெரிகிறது.

சரி, லிஸ்டாவது உருப்படியா? மூவருக்கும் வந்தது ஒரே லிஸ்ட்: 18 மவுண்டன் (மானா என்ற சக்தியைத் தரும் லேண்ட் கார்டு), முக்ஸஸ் என்ற தலைமைக் கோப்ளின் 4, மற்ற கோப்ளின்கள் 16, மீதி 22-ம் டிராகனும் நெருப்பு ஸ்பெல்லும். கலர் எல்லாம் சிவப்பு, பார்க்க ஒரே தீம் மாதிரி இருக்கும். ஆடினால் தெரியும் வண்டவாளம். முக்ஸஸ் இறங்க 6 மானா, அதாவது 6 லேண்ட் வேண்டும். ஆறாவது டர்னில் 12, 13 கார்டுதான் பார்த்திருப்பீர்கள்; 60-க்கு 18 லேண்ட் என்றால் அதில் சராசரியாக 4 லேண்டுகூட வராது. 24 வைத்தால் 5-ஐ ஒட்டி வரும், குறைகிற ஒன்றை ஸ்கர்க் பிராஸ்பெக்டர் என்ற கார்டு ஒரு கோப்ளினைப் பலிகொடுத்து ஈடுகட்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. முக்ஸஸ் இறங்கியதும் டெக்கின் மேல் 6 கார்டைத் திறந்து, அதில் 5 மானாவுக்குள் இருக்கும் கோப்ளின்களை எல்லாம் களத்தில் இறக்கும். 60-ல் 16 கோப்ளின் என்றால் சராசரி 1.6. லேண்டும் முக்ஸஸும் போக மிச்சம் 32-ஐயும் கோப்ளினாகவே வைத்தால் 3.2. முக்ஸஸின் விலையே 6 என்பதால் இன்னொரு முக்ஸஸ் புரண்டு வந்தாலும் இறங்காது. அந்த 22 டிராகனும் நெருப்பும் டெக்கின் உயிரையே எடுத்துவிட்டன. போதாக்குறைக்கு அந்த 16 கோப்ளினுக்குள் க்ரென்கோ என்ற கார்டு 4. லெஜெண்டரி கார்டு, களத்தில் ஒன்றுதான் நிற்கும். 2 அல்லது 3 போதும். கோப்ளின் வார்சீஃப்போ கோப்ளின் சீஃப்டனோ ஹேஸ்ட் (காத்திருக்காமல் உடனே செயல்படும் திறன்) கொடுத்தால்தான் க்ரென்கோ வந்த டர்னிலேயே டேப் ஆகி 5 கோப்ளினை 10 ஆக்கும். லிஸ்டில் இரண்டுமே இல்லை!

இதில் ‘ஸ்டாண்டர்டு டெக்’ (புதுத் தொகுப்புக் கார்டு மட்டும் செல்லும் ஃபார்மேட்டுக்கானது) என்று வேறு சொல்லி விற்கிறார். க்ரென்கோ 2024-ல் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் வந்ததால் ஸ்டாண்டர்டில் செல்லும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுகிறார். முக்ஸஸ் 2020 ஜம்ப்ஸ்டார்ட் கார்டு, ஹிஸ்டாரிக் போல் பழைய கார்டும் செல்லும் ஃபார்மேட்டில்தான் ஆடலாம். எந்த லிஸ்டை இம்போர்ட் செய்தாலும் முதலில் ஃபார்மேட்டை மாற்றிப் பாருங்கள், செல்லாத கார்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சண்டை போட்டால் அடுத்த வலை: “இன்னும் 700 போடுங்கண்ணே, டெக் இருக்கிற அக்கவுண்டையே தர்றேன்.” திருநகர்ப் பையன் ஒருவன் வாங்கினான். டெக் உண்மையிலேயே இருந்தது, நான்கு நாள் ஆடினான். ஐந்தாம் நாள் பாஸ்வேர்டு செல்லவில்லை. அக்கவுண்ட் திறந்த மெயில் விற்றவர் கையில் இருக்கும்வரை ரீசெட் அழுத்தி எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். அக்கவுண்ட் விற்பதும் வாங்குவதும் விதிக்கு விரோதம் என்பதால் கம்பெனியிடம் போய் அழவும் முடியாது.

மூன்று பாக்கெட் தரும் கோடு 150 ரூபாய் என்பதும் இவர் சரக்குதான். ‘ப்ளே’ என்ற சொல்லோடு தொகுப்பின் மூன்றெழுத்துச் சுருக்கம் சேர்ந்த அந்தக் கோடுகளைக் கம்பெனியே எல்லோருக்கும் இலவசமாக அறிவிக்கிறது. ப்ரீரிலீஸ் (புதுத் தொகுப்பு வருமுன் கடையில் நடக்கும் ஆட்டம்) கிட்டில் அச்சடித்து வரும் 6 பாக்கெட் கோடு நிஜமானதுதான், ஆனால் ஒரு தொகுப்புக்கு ஓர் அக்கவுண்டில் ஒன்றுதான் ஏறும். இரண்டாவது வாங்கினால் வீண்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. சாட்டை அழிக்காதீர்கள், அவர் பக்கம் ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’ போடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இப்போது வேறு நம்பரில் எல்ஃப் டெக் 2,200 ரூபாய் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்பிள் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மவுண்டன் இருந்த இடத்தில் ஃபாரஸ்ட், எண்ணிக்கை அதே 18.