எடை குறைந்த வார்மின்ட் துப்பாக்கிக்கு .223-ஆ, .22-250-ஆ?

அமெரிக்காவின் வயோமிங் புல்வெளியில் நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடக்க ஒரு வார்மின்ட் துப்பாக்கி, அதாவது தொல்லை தரும் விலங்குகளைச் சுடும் துப்பாக்கி, செய்யச் சொல்லப்போகிறீர்களா? முதலில் தோட்டா .223-ஆ, .22-250-ஆ என்று முடிவு செய்யுங்கள். தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பூட்டும் போல்ட்டின் முகப்பு அளவே இரண்டுக்கும் வேறு. பிறகு மாற்றினால் செலவுதான்.

இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே, 0.224 அங்குலம். 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டை .223 ரெமிங்டன் நொடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் அனுப்பும்; .22-250 சுமார் 3,680 அடி. 300 கஜத்துக்கு அப்பால் காற்றடிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்த வேகத்துக்குக் கூடுதல் வெடிமருந்து வேண்டும். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், உட்புறமும் விரைவில் தேயும். பிரெய்ரி நாய் (வளையில் கூட்டமாக வாழும் அணில் இன விலங்கு) வேட்டையில் தொடர்ந்து சுட வேண்டியிருக்கும் என்பதால் இது பெரிய குறை. அப்புறம் உதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு கூடும்; .223-இல் குண்டு பட்ட இடத்தைத் துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகவே பார்த்துவிடலாம், மற்றதில் பெரும்பாலும் காட்சி நழுவிவிடும்.

கயோட்டி (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) மட்டும்தான், நாளுக்கு இரண்டு மூன்று சூடு என்றால் சரி, .22-250 எடுங்கள். மற்றபடி நான் .223 பக்கம்தான், குழல் முறுக்கை (குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிப்பள்ளங்களின் திருகலை) மட்டும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேளுங்கள், 75 கிரெய்ன் குண்டும் நிலையாகப் பறக்கும்.