குன்னூரில் ஒரு மெடிக்கல் கோடிங் வகுப்பு: சேரலாமா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் விலங்கியலோ நர்சிங்கோ முடித்தவர்கள் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்காகக் குறியீடாக எழுதும் வேலை) படிக்கப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை. அதனால் பெட்ஃபோர்ட் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். கட்டபெட்டு வழியாக வரும் பஸ்ஸில் போய்விடலாம். கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு தவணை. நடத்தும் மேடம் சென்னையில் பல வருடம் கோடராகவும், பிறகு மற்றவர்கள் போட்ட கோடைச் சரிபார்க்கும் ஆடிட்டராகவும் இருந்தவர். அந்த ஆடிட்டர் கண் வகுப்பு முழுக்கத் தெரியும். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

ஒரு வகுப்பைச் சொன்னால் புரியும். பயிற்சிக்காக அவரே எழுதிய ஒரு சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பை, கொடுத்தார். நான்கு வரிதான். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், முன்பு குடல் அறுவை சிகிச்சை, முழங்கால் வீக்கமும் வலியும், ஆர்த்ரைடிஸ். அன்றைய பாடம் ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் எம்02 என்ற மூட்டு நோய்ப் பிரிவு என்பதால் பாதிப் பேர் உடனே எம்02.061 என்றார்கள். குடல் பைபாஸுக்குப் பிறகு வரும் மூட்டு நோய், வலது முழங்கால் என்பதற்கான கோட் அது. மேடம் கேட்டார்: "பைபாஸ்னு டாக்டர் எங்கம்மா எழுதியிருக்கார்? வலதுன்னு எங்க இருக்கு?"

இரண்டுமே இல்லை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதும் அறுவை சிகிச்சைதான், வெட்டி இணைப்பதும் அதுதான், ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு வழியை மாற்றும் பைபாஸும் அதுதான். எம்02.0 பைபாஸுக்கு மட்டும் உரியது. இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது: அறுவை சிகிச்சையால்தான் மூட்டு நோய் வந்தது என்று டாக்டர் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தாளில் இருப்பதை வைத்துக் கோடர் தானாக முடிச்சுப் போடக் கூடாது. "இதனால் வந்தது" என்று டாக்டர் எழுத வேண்டும்.

அப்புறம் அந்த நோய் எப்படி வருகிறது என்பதைப் பலகையில் குடலை வரைந்தே விளக்கினார். உடல் பருமனைக் குறைக்கச் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் அறுவை சிகிச்சை 1950-களில் அமெரிக்காவில் தொடங்கி, 60-களிலும் 70-களிலும் பரவியது. ஒதுக்கப்பட்ட குடலுக்குள் உணவு போகாது. அங்கே பாக்டீரியா மிதமிஞ்சிப் பெருகும். அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளும் பாக்டீரியாவின் துகள்களும் சேர்ந்து ரத்தத்தில் சுற்றி, மூட்டிலும் தோலிலும் போய்ப் படியும். அதனால்தான் மூட்டு வலியோடு தோலில் கொப்புளமும் வருகிறது. மூட்டுக்குள் கிருமியே இருக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பலருக்குக் குறையும். சிலருக்குப் பைபாஸையே பழையபடி மாற்ற வேண்டி வந்தது. கல்லீரல் கெடுவது, சிறுநீரகக் கல் போன்ற தொந்தரவுகளால் அந்த அறுவை சிகிச்சையை 80-களில் கைவிட்டார்கள். இவ்வளவு அரிதான நோய்க்கு ஒரு வகுப்பு முழுக்கவா என்று பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. காரணம், இடம், பக்கம், முந்தைய அறுவை சிகிச்சை என்று நாளைக்கு வேறு எந்த சார்ட்டிலும் பார்க்க வேண்டிய அத்தனையும் இந்த ஒன்றில் வந்துவிட்டது.

புத்தகத்தைத் திறந்து வரிவரியாகப் படிக்க வைத்தார். எம்02 தலைப்பின் கீழேயே அடிப்படை நோயை முதலில் கோட் செய் என்ற குறிப்பு இருக்கிறது. நேராகக் கோடுக்குத் தாவுகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. ஆறாவது இலக்கம் 1 என்றால் வலது, 2 என்றால் இடது, 9 என்றால் எந்தப் பக்கம் என்று குறிப்பிடவில்லை. எம்02.06 என்று ஐந்தோடு நிறுத்தினால் க்ளெய்ம் (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) திரும்பிவிடும். குடல் பைபாஸ் முன்பு நடந்தது என்பதற்கு இசட்98.0, ஆனால் உடல் பருமனுக்காகச் செய்தது என்றால் அதே இடத்தில் உள்ள விலக்குக் குறிப்பு இசட்98.84-க்கு அனுப்புகிறது. க்ரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்களோடு வரும் மூட்டு நோய் எம்07.6-இல் இருக்கிறது. குடலும் மூட்டும் என்றதும் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது, அதனால் அதற்கும் தனியாக ஒரு சார்ட் கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது க்வெரி எழுதிய பகுதி. சார்ட்டில் தெளிவில்லை என்றால் டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். "இந்த வலி பைபாஸால்தானே?" என்று பதிலை வாயில் ஊட்டிக் கேட்கக் கூடாது. சார்ட்டில் உள்ள அறிகுறிகளை எடுத்து எழுதி, பொருந்தக்கூடிய காரணங்களையும், "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்ற தெரிவுகளையும் வைத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொருவர் எழுதியதையும் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தார். புறநோயாளி சார்ட்டில் டாக்டர் "இருக்கலாம்" என்று எழுதினால் அந்த நோய்க்குக் கோட் போடக் கூடாது, வலி, வீக்கம் என்ற அறிகுறிக்குத்தான் போட வேண்டும் என்பதையும் அன்றே சொன்னார். தாளுக்குப் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார். இல்லாத நோய் அவர் கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த டாக்டரும் அதை நம்பித்தான் வைத்தியம் பார்ப்பார். இந்த அக்கறையோடு கோடிங் சொல்லித்தருகிறவர் கிடைப்பது கஷ்டம்.

குறைகளும் உண்டு. தரும் ஜெராக்ஸ் நோட்ஸ் பழைய பதிப்பிலிருந்து எடுத்தது. ஐசிடி-10-சிஎம் ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் மாறுகிறது என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டு நோட்ஸை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பது சரியில்லை. இதைவிடப் பெரிய குறை, சிகிச்சை முறைகளுக்கான கோடுகளான சிபிடி பகுதியை அவசரமாக ஓட்டிவிடுகிறார். கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிபிசி 100 கேள்வி, 4 மணி நேரம்; புத்தகம் பார்த்து எழுதலாம், 70 சதவீதம் வாங்க வேண்டும். அதில் சிபிடிக்குத்தான் கனம் அதிகம். தேர்வு எழுதுகிறவர்கள் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். வேலை வாங்கித் தருவதாக அவர் எதுவும் சொல்வதில்லை. அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போனால் ப்ரொஜெக்டர் நின்றுவிடும், பலகையில்தான் பாடம் ஓடும். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே அடிப்படையைச் சரியாகக் கற்க நினைக்கிறவர்களுக்கும், மருத்துவமனை ரெக்கார்டு பிரிவில் இருப்பவர்களுக்கும் நல்ல வகுப்பு. மூன்று மாதத்தில் சான்றிதழ், உடனே வேலை என்பவர்களுக்கு ஒத்துவராது. நடப்பு ஆண்டு ஐசிடி புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார். சார்ட் படிக்கும் நாள் எது என்று கேட்டு அன்றைக்குப் போங்கள்.