கவுன்சிலர் நிதியா, நமக்கு நாமேயா? தெருவுக்கு ஒரு வேலை கேட்கப் போகிறவர்களுக்கு

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பூங்கா, படிப்பகம், கழிப்பறை என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் முதல் கேள்வி "பணம் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டேன். பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இடம் யாருடையது?

சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வந்தால், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் பூங்கா கேட்ட காலி மனையும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். ஆனால் தானப் பத்திரம் பதிவாகவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கும்போது மனு கொடுத்து ஓர் ஆண்டு ஓடிப்போயிருந்தது. கவுன்சிலர் நிதி, மக்களும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம் எனக் கீழே நான் ஒப்பிடும் வழிகளில் நிலத்தின் காகிதம் சரியில்லாமல் எதிலும் உருப்படியாக நகர முடியாது. ஆகவே தானப் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். மாநகராட்சி நிதி என்றால் சங்கத்தின் பெயருக்குக் காசோலை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நமக்குக் கிடைப்பது வேலை. உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், ஒப்பந்தப்புள்ளி கோரப்படும், ஒப்பந்ததாரர் வந்து கட்டுவார். எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது, யார் சரி சொல்ல வேண்டும், நமக்கு அதில் எவ்வளவு குரல் இருக்கிறது என்பவைதான் வழிக்கு வழி மாறுகின்றன.

பக்கத்தில் இருப்பது கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி. 200 வார்டுகளுக்கும் மாநகராட்சி பட்ஜெட்டில் இதற்குத் தொகை ஒதுக்குகிறார்கள். 2022-23 பட்ஜெட்டில் வார்டுக்கு 35 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு உயர்ந்திருக்கிறது. தெருவிளக்கு, நடைபாதை, மழைநீர் தேங்கும் மூலை, பூங்காவுக்கு நான்கு பெஞ்சு போன்ற சின்ன வேலைகளுக்கு இதைவிட விரைவான வழியை நான் பார்த்ததில்லை. கவுன்சிலருக்குத் தெரு தெரியும், நம் முகமும் தெரியும். ஆனால் ஒரு வார்டில் எத்தனை தெரு என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தொகை ஆளாளுக்கு ஒரு பிடிதான். ஜனவரியில் போய்க் கேட்டால் ஒதுக்கீடு ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே மனு போய்ச் சேர வேண்டும்.

வெறும் மனுவைவிட, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் எழுப்பி, பதிவேட்டில் ஏற்றுவது நல்லது. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் இந்தச் சபைகள் தொடங்கின. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாட்களைக் குறித்திருக்கிறார்கள். எங்கள் பகுதிச் சபைக்கு ஒருமுறை பதினைந்து பேர்கூட வரவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. தனியாகப் போய்க் கேட்டால் அது வேண்டுகோள். சபையில் தீர்மானமானால், அது என்னவாயிற்று என்று அடுத்த சபையில் எழுந்து நின்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, பள்ளி வகுப்பறை, நிழற்குடை போன்ற நிலைத்த கட்டடங்களுக்கு இவை பொருத்தம். பராமரிப்புச் செலவுக்கோ, காவலாளி சம்பளத்துக்கோ கேட்டுப் பயனில்லை. ஒரு தொகுதிக்குள் பல வார்டுகள், நாடாளுமன்றத் தொகுதி என்றால் இன்னும் பல மடங்கு. ஒரு தெருவின் வேலை அங்கே கண்ணில் படாது. இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரே கோரிக்கையாகப் போனால் பலன் உண்டு.

இனி நான் நெடுநேரம் பேச விரும்பும் வழி: நமக்கு நாமே. 1997-98இல் தொடங்கிய திட்டம். 2021இல் நகர்ப்புறங்களுக்காக மீண்டும் உயிர் பெற்றது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும். குளம், ஏரி போன்ற நீர்நிலைகளைச் சீரமைக்கப் பாதித் தொகை. தனிநபர், சங்கம், நிறுவனம் என யாரும் பங்கு தரலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9 லட்சம் ரூபாய் மதிப்பீடு, 120 வீடுகள். நம் பங்கு 3 லட்சம், வீட்டுக்கு 2,500 ரூபாய். வசூலுக்குப் போகும்போது வாசலில் கேட்க நேரும் சொற்கள் சில சமயம் கசக்கும். "வரி கட்டுகிறோமே, இன்னும் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் அதைக் கேட்டவன். ஆனால் பணம் கொடுத்த பிறகு அதே மனிதர்கள் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கவுன்சிலர் நிதியில் எங்கள் தெருவில் நடைபாதை போட்டபோது யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்தப் பணம் போட்ட வேலையின்போது, ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் காலை ஆறு மணிக்கே மதிப்பீட்டு நகலுடன் வந்து, கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகு கல் பெயர்ந்தால் யாரிடம் சொல்வது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வேறெந்த நிதியும் எங்களுக்கு இந்த அக்கறையைக் கொடுத்ததில்லை.

குறையும் இருக்கிறது, அது சிறியதல்ல. எங்கள் தெருவுக்குப் பின்னால், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கட்டிய வாரியக் குடியிருப்பு. அங்கே ஒரு குடும்பத்திடம் 2,500 ரூபாய் கேட்க எனக்கு நா எழாது. பங்கு தர முடிந்த தெருவுக்கு மட்டும் அரசுப் பணம் இரண்டு மடங்காக வந்து சேர்ந்தால், வசதியுள்ள தெரு மேலும் வசதியாகும். அதனால்தான் எந்த நிதி பெரியது, எது விரைவானது என்று மட்டும் ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்கு இரண்டாயிரம் வசூலிக்க முடிகிற சங்கங்கள் நமக்கு நாமேக்குப் போக வேண்டும். கவுன்சிலரின் சின்னத் தொகையைப் பங்கு தர முடியாதவர்களுக்கு விட வேண்டும். நாங்களும் பல ஆண்டுகள் இரண்டையும் கேட்டு வரிசையில் நின்றவர்கள்தான். அது தவறு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிச் சுருக்கமாக. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைச் சங்கமே வாங்கிச் செலவழிக்க வேண்டுமென்றால், மத்திய அமைச்சகத்தில் தனிப் பதிவு, வருமான வரிப் பதிவுகள் எல்லாம் வேண்டும். எங்களைப் போன்ற சிறு சங்கத்துக்கு அது தாங்காது. அதைவிட, பங்கு தர முடியாத குடியிருப்பின் மூன்றில் ஒரு பங்கை நமக்கு நாமேயில் நிறுவனமே செலுத்த முன்வருமா என்று கேளுங்கள். நிறுவனம் தரும் 3 லட்சம் அங்கே 9 லட்சத்துக்கான வேலையாக நிற்கும்.

இந்த ஆண்டு எங்கள் பொதுக்குழு ஒரு தீர்மானம் போட்டது. பூங்கா நடைபாதைக்காகக் கவுன்சிலரிடம் கொடுத்திருந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அந்தத் தொகையில் வாரியக் குடியிருப்பின் கழிப்பறையைப் பழுதுபார்க்கக் கேட்டு, அங்குள்ள பெண்கள் எழுதிய மனுவில் நாங்களும் கையெழுத்திட்டோம். நடைபாதைக்கு வசூல் நடக்கிறது. நோட்டில் 71 வீடுகள் ஏறியிருக்கின்றன. மீதி 49 வீட்டு வாசலுக்கு வரும் ஞாயிறு காலை போகிறோம்.