பின்னொளிர்வு 0.01 சதவீதம் என்றால், எத்தனை மில்லிசெக்கனில் என்று கேளுங்கள்

கொழும்பில் எக்ஸ்ரே பொதி ஸ்கேனர் திருத்துபவர்கள், டிடெக்டர் பாகம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு களஞ்சியத்தின் ஸ்கேனருக்கு, எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் படிகம் பதித்த டிடெக்டர் பலகைகள் மாற்ற வேண்டியிருந்தது. பின்னொளிர்வு (கதிர் நின்ற பிறகும் படிகத்தில் மிஞ்சி நிற்கும் ஒளி) குறைந்த ரகம்தான் வேண்டும் என்று முகவரிடம் எழுத்திலேயே கேட்டிருந்தேன். "அண்ணா, முதல் தரம், 0.01 சதவீதம்தான்" என்று அறிக்கையும் தந்து முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்.

பூட்டி ஓட்டினால், இரும்புச் சாமான் எதுவானாலும் முன்விளிம்பு மங்கி இழுபட்டுத் தெரிகிறது. சாமான் வருமுன் படிகத்தில் முழுக் கதிரும் விழுகிறது. தடித்த இரும்புக்குள்ளால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்றால், படிகத்தில் மிஞ்சி நிற்கும் 1 சதவீத ஒளியே அதைவிடப் பத்து மடங்கு. அந்த இரும்புக்குப் பின்னால் என்ன ஒளித்திருந்தாலும் தெரியாது. பாதுகாப்புக்கு வைத்த மெஷினில் இது சின்ன விஷயமா?

சரி, அளந்தே பார்ப்போம் என்று பலகையை இருட்டுப் பெட்டியில் வைத்து, ஒரு செக்கன் கதிர் கொடுத்து நிறுத்தி, படிகத்தின் ஒளியை மின்னாக்கும் போட்டோடயோட்டின் மின்னோட்டம் இறங்குவதைப் பதிவு செய்தேன். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தமும் உடனே விழாது. அந்த வால் படிகத்தின் கணக்கில் ஏறிவிடும். அதனால் பின்னொளிர்வு மிகக் குறைந்த பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட்) படிகத்தை அதே இடத்தில் வைத்து முதலில் அளந்து ஒப்பிட்டேன். வந்த பலகை 3 மில்லிசெக்கனில் 1 சதவீதத்துக்கு மேல். 0.01க்கு இறங்கப் பல செக்கன் போனது. தாலியம் கலந்த சாதாரண சீசியம் அயோடைடு இப்படித்தான் நடக்கும்: படிகக் குறைகளில் சிக்கிய மின்னூட்டங்கள் வெப்பத்தால் மெதுமெதுவாக விடுபட்டு ஒளிர்கின்றன. அறிக்கையிலோ எந்த நேரத்தில் அளந்தது என்ற வரியே இல்லை.

முகவரிடம் கேட்டதற்கு, "கதிர் எண்ணும் கவுண்டரில் நன்றாக எண்ணுகிறதே" என்றார். பலவீனமான கதிரியக்க மூலத்தின் காமாக் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும்போது பின்னொளிர்வு பெரிதாக இடிக்காது. அது சோதனையே அல்ல. அப்புறம் பெட்டி திறந்தாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். இப்போது போனும் எடுப்பதில்லை.

வாங்குமுன் கதிர் எவ்வளவு நேரம் பட்டது, நின்று எத்தனை மில்லிசெக்கனில் அளந்தது, இரண்டையும் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, தடித்த இரும்பை ஓட்டிப் படம் பார்த்த பிறகு கொடுங்கள்.