குண்டு எழுத்தில் மூன்று சுழி ண: காய்னியா, பலூ தம்பியா?

குண்டான, விளையாட்டுத்தனமான தமிழ் எழுத்துரு எது கையில் கிடைத்தாலும், நான் முதலில் அடித்துப் பார்ப்பது "குண்டுப் பூனை" என்ற இரண்டு சொற்களைத்தான். குழந்தைகள் புத்தக அட்டை, பிறந்தநாள் பேனர், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

ப, ட, ம எல்லாம் எவ்வளவு தடித்தாலும் தாங்கும். மூன்று சுழி ண தாங்காது. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் இடம் சுருங்கும். சின்னதாக அச்சடித்தால் மை அடைத்துக்கொள்ளும். னை இன்னும் சிரமம். ஐகாரக் கொம்பில் இரண்டு சுழி, ன-வில் இரண்டு சுழி, ஆக நான்கு சுழி ஒரே வரிசையில். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு, ஐகாரக் கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கோடு வைத்து எழுதிய னை, குண்டு எழுத்தில் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சரி, கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு குண்டு எழுத்துருக்களுக்கு வருவோம்: காய்னி (Coiny), பலூ தம்பி 2 (Baloo Thambi 2).

காய்னியில் கோடு ஏறக்குறைய ஒரே பருமன், முனைகள் உருண்டை. கேக் மேல் க்ரீம் பிழிந்து எழுதியதுபோல் இருக்கும். ட-வின் மூலைகூட மழுங்கிக் குழந்தைத்தனமாகிவிடும். "குண்டு" என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டால் படமே தேவையில்லை, எழுத்தே பூனையாக உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு தடிமன்தான். கீழே ஆசிரியர் பெயரைச் சின்னதாகப் போட வேண்டுமென்றால் வேறு எழுத்துருவைத் தேட வேண்டும்.

பலூ தம்பி 2 அங்கேதான் முந்துகிறது. ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ராபோல்டு வரை ஐந்து தடிமன். தலைப்புக்கு எக்ஸ்ட்ராபோல்டு, துணைத் தலைப்புக்கு மீடியம் என்று ஒரே குடும்பத்துக்குள் வேலை முடியும். ஸ்டிக்கரில் ண அடைத்தால் ஒரு படி இறங்கி போல்டு போடலாம். குண்டுத்தனம் பெரிதாகக் குறையாது. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது இது; தமிழ் எழுத்துகள் ஆதர்ஷ் ராஜன் வரைந்தவை. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா என்று உடன்பிறப்புகளும் உண்டு. ஓசூர்ப் பக்கம் மூன்று மொழியில் ஒரு பலகை வைக்க வேண்டுமென்றால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன்.

இரண்டுமே ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை, வணிக வேலைக்கும் காசு கிடையாது.

என் கணக்கு இதுதான்: ஒன்றிரண்டு சொல், உள்ளங்கை அளவுக்கு மேல் என்றால் காய்னி. அதற்குக் கீழே போனாலோ, வரி நீண்டாலோ பலூ தம்பி. காய்னியில் ஒரு முழு வாக்கியம் போட்டால் கண் களைத்துவிடும். ஒன்றையே வைத்துக்கொள் என்றால், மனசு காய்னி பக்கம் சாய்ந்தாலும் பலூ தம்பியைத்தான் எடுப்பேன்.

அப்புறம், எதை எடுத்தாலும், பழைய பதிப்பு ஃபோட்டோஷாப் என்றால் டைப் அமைப்புக்குப் போய், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் னை உடைந்து, ஐகாரக் கொம்பு ன-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படி உடைந்த "பூனை"யோடு அச்சாகி வந்த ஒரு கட்டு ஸ்டிக்கர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பும்முன் எழுத்தை அவுட்லைனாகவும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாகவும், மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் இந்த எழுத்துரு இருக்கும் என்று நம்பி அனுப்ப வேண்டாம்.