பர்மா ராணி பாட்டுப்புத்தகம்: வாங்கும் முன்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 1945 போர்ப்படம். இயக்கம் டி.ஆர்.சுந்தரம், நாயகி கே.எல்.வி.வசந்தா, களம் ஜப்பான் பிடியிலிருந்த பர்மா. பிரிட்டிஷ் பிரச்சார நெடி தூக்கல்தான். ஆனால் ஏற்காடு அடிவாரத்தில் பர்மாவை எழுப்பிய துணிச்சலுக்காகவே கொங்குச் சேகரிப்பாளர் தேட வேண்டிய சரக்கு.

பாட்டுப்புத்தகம் கிடைத்தால் முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருக்க வேண்டும். நயாபைசா 1957இல்தான் வந்தது. அட்டைப் படத்தை லென்ஸில் பார்த்தால் அச்சுப்புள்ளிகள் தெளிவாகத் தெரியணும். புள்ளி மங்கி, கறுப்பு திட்டுத்திட்டாக இருந்தால் ஜெராக்ஸ். தாள்களைக் கோத்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளிலும் கறை ஊறியிருப்பது நல்ல அறிகுறி. பழைய தாளில் புதுப் பின் பளபளத்தால் விசாரியுங்கள்.

துருப்பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்: சூட்டில் தாள் பழுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது.

படச்சுருள் என்று யாராவது நீட்டினால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அக்கால நைட்ரேட் சுருள் தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது.